பிள்ளை பெற்ற பிறகு 42 நாள்



குழந்தை பிறந்ததும் "நல்லபடியா ஆச்சு" என்று நாம் மூச்சு விடுகிறோம். மருத்துவமோ அதற்குப் பிந்தைய 42 நாட்களையும் பிரசவக் காலமாகவே கணக்கிடுகிறது. அந்த நாட்களில் தாய்க்கு மருத்துவ உதவி கிடைப்பது எதைப் பொறுத்தது? நம் ஊர் வரலாறே விடை சொல்லும்.

அந்தக் காலத்தில் மருத்துவச்சி பிள்ளை பிறந்ததோடு போய்விட மாட்டார். நாள்தோறும் வந்து தாய்க்கு வெந்நீர் ஊற்றுவார், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். பராமரிப்பு வீடு தேடி வந்தது. ஆனால் கிருமி பற்றிய அறிவு இல்லாததால் பிரசவ ஜன்னி பல தாய்மாரைக் கொண்டுபோனது. இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. வியன்னாவின் பெரிய மருத்துவமனையிலேயே 1847-ல் செம்மல்வைஸ் டாக்டர்களைக் கை கழுவ வைத்த பிறகுதான் ஜன்னிச் சாவு குறைந்தது.

பிறகு ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்தது. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போக காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். வலி எடுத்தால் எப்படியும் போய்விடுவார்கள். பத்தாம் நாள் வரும் காய்ச்சலுக்கு யார் வண்டி பிடிப்பார்கள்? தீட்டு கழியவில்லை, பச்சை உடம்பு, காற்று படக்கூடாது என்பார்கள். போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் பிள்ளை பெற்றவள் அல்ல; மாமியாரோ, தாயாரோ, கணவரோதான்.

இன்னொரு சிக்கல் தலைப்பிரசவம். பதிவு புகுந்த ஊரில். பெண்ணோ தாய் வீட்டில். ஒரு ஊர் நர்ஸின் நோட்டில் பெயர் இருக்கும், ஆள் இன்னொரு ஊரில் இருப்பாள்.

நிலைமையை மாற்றியவை சில. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே வந்தார். 2008-ல் 108 வந்தது. பிரசவித்தவளை வீட்டில் இறக்கிவிட தாய் சேய் ஊர்தி வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, பின்னர் 18,000 என உயர்ந்தது. அதில் ஒரு பகுதி குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட பிறகே கிடைக்கும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில்தான்.

இவை எல்லாவற்றிலும் நான் காண்பது ஒன்றுதான். உதவி வீட்டு வாசலுக்கு வந்தபோது, அல்லது போக வண்டியும் வீட்டார் சம்மதமும் இருந்தபோது, தாய்மார் தயங்கவில்லை.

என் மாணவிகள் பலர் இப்போது பாட்டிமார். தீர்மானிக்கும் இடத்தில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள். பத்தியமும் லேகியமும் கொடுங்கள், தண்ணீரையும் தாராளமாகக் கொடுங்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஆறாம் வாரம் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். உதிரப்போக்கு மிகுந்தாலோ, காய்ச்சல், கடும் தலைவலி, வலிப்பு, கால் வீக்கம், ஓயாத அழுகை இருந்தாலோ நாள் நட்சத்திரம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள். பெண் தாய் வீட்டுக்கு வந்ததும் அந்த ஊர் நர்ஸிடம் சொல்லிவையுங்கள்.

தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்.