காணப்படவில்லை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசோதனைக்கூடத்திலிருந்து எனக்கு வந்த அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதைத் தமிழில் சொன்னால், ‘ஒட்டுண்ணி காணப்படவில்லை.’ அதற்கு முன் மூன்று மாதங்களாக அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல். அம்மா, “உடம்புச் சூடு, வெந்தயத்தை ஊறவச்சுக் குடி” என்றார். மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லம்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார். காலையில் எடுத்த மாதிரி நகரின் மறுகோடிக்குப் போய், மாலையில்தான் நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் அந்த வினைச்சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. ‘காணப்படவில்லை’ என்பது செயப்பாட்டு வினை. அங்கே செய்பவர் மறைந்துகொள்கிறார். காணாதவர் யார்? எப்படிப் பார்த்தார்? எப்போது பார்த்தார்? ‘காணப்படவில்லை’ எப்போது ‘ஒன்றுமில்லை’ ஆனது? இந்தக் கேள்விகளைப் பின்தொடர்ந்து போனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு ஒன்று விரிகிறது.

1836. பாரிஸில் ஆல்ஃபிரட் டோனே என்ற மருத்துவர், ஆண், பெண் இருபாலரின் பிறப்புறுப்புச் சுரப்புகளையும் நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். பெண்களின் யோனிக் கசிவில் துள்ளித் துடிக்கும் ஓர் உயிரைக் கண்டார். ஒற்றைச் செல், அதன் முனையில் மெல்லிய சாட்டைகள். இன்று அதன் பெயர் ‘டிரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ்’. கண்ட இடமே பெயராயிற்று. ‘யோனிக்குரியது’ என்ற அந்த அடைமொழி இன்றுவரை மாறவில்லை.

அந்தக் காலத்தின் பார்வையையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதே 1836இல்தான் பாரிஸின் பாலியல் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து வகைப்படுத்திய பாரன்-துஷாத்லேயின் பெருநூல் வெளிவந்தது. பால்வினை நோய் என்றாலே பெண்ணைப் பதிவு செய்வது, பெண்ணைச் சோதிப்பது, பெண்ணை அடைப்பது என்பதே நடைமுறை. அந்த நடைமுறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1868ஆம் ஆண்டின் இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் பெண்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. அவர்களிடம் வந்துபோன சிப்பாயைச் சோதிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

இவ்வளவு உற்றுப் பார்த்தார்களே, பெண்ணின் வலியைக் கேட்டார்களா? இல்லை. டோனே கண்ட அந்த உயிர் தீங்கற்றது, சும்மா ஒட்டிக்கொண்டு வாழ்வது என்றே ஏறக்குறைய 80 ஆண்டுகள் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினர். யோனி அழற்சிக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று ஹோனே என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதியது 1916இல். பிற கிருமிகள் கலவாமல் அதைத் தனியே வளர்த்துக் காட்டியது டிரசலும் பிளாஸும் 1940இல். வாய்வழியே கொடுத்துக் குணப்படுத்தும் மருந்தான மெட்ரோனிடசோல் வந்தது 1959இல். எரிச்சல் என்று ஒருத்தி சொன்னதை ஆய்வகம் உறுதிப்படுத்த இத்தனை காலம் பிடித்தது.

டோனேயின் முறை இன்றும் நம் பரிசோதனைக்கூடங்களில் உயிரோடிருக்கிறது. பஞ்சுக்குச்சியில் எடுத்த கசிவை ஒரு துளி உப்புநீரில் கலந்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, அசைவைத் தேடுவார்கள். ஒட்டுண்ணி ஏறக்குறைய வெள்ளணு அளவுதான் இருக்கும். அதன் துள்ளலை வைத்துத்தான் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். துள்ளல் நின்றுவிட்டால் கூட்டத்தில் கலந்துவிடும். ஆகவே மாதிரியை எடுத்த பத்து நிமிடங்களுக்குள் பார்த்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. செலவு குறைந்த, எளிய முறை. ஆனால் நோயுள்ள பெண்களில் 44 முதல் 68 விழுக்காட்டினரிடம்தான் இந்த முறை ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்கிறது. ஒரு மணி நேரம் தாமதமானால் அதிலும் சரிவு. காலையில் எடுத்து மாலையில் பார்த்த என் மாதிரியைப் பற்றி இனி நான் என்ன சொல்ல?

வளர்ப்பு ஊடகத்தில் இட்டுச் சில நாள் காத்திருந்து பார்ப்பது அடுத்த முறை. இது கூடுதலாகக் கண்டுபிடிக்கும். ஆனால் நாள் பிடிக்கும். ஒட்டுண்ணியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் கண்டறிவது மூன்றாவது முறை. அசைவு தேவையில்லை, உயிரோடிருக்க வேண்டும் என்பதுமில்லை. மூன்றிலும் நுட்பமானது இதுதான். இத்தகைய முதல் சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011இல், அதுவும் பெண்களின் மாதிரிகளுக்கு மட்டும். டோனேக்குப் பின் 175 ஆண்டுகள் கழிந்தும் கருவி மாறியதே தவிர அது திரும்பிய திசை மாறவில்லை. இந்த ஒட்டுண்ணி ஆணின் சிறுநீர்க்குழாயிலும் வாழ்கிறது. பெரும்பாலான ஆண்களிடம் எந்த அறிகுறியும் இல்லை, எண்ணிக்கையும் குறைவு. ஆகவே உப்புநீர்த் துளியில் எளிதில் சிக்காது. அவன் தன்னையறியாமலே சுமக்கிறான். இவள் குணமாகி, மறுபடி அவனிடமிருந்தே பெற்று, மறுபடி வரிசையில் நிற்கிறாள்.

ஆணிடம் கண்டுபிடிப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் கடினமானதால்தான் விட்டுவிட்டார்களா? மாட்டுத் தொழுவத்தைப் பாருங்கள். இதற்கு உறவான ஒட்டுண்ணி ஒன்று பசுக்களில் மலட்டுத்தன்மையையும் கருச்சிதைவையும் உண்டாக்குகிறது. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் மியூரியல் ராபர்ட்சன் என்ற பெண். 1947இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானவர். கால்நடையில் இந்த நோயைக் கட்டுப்படுத்த முதலில் யாரைச் சோதிக்கிறார்கள் தெரியுமா? காளையை. அறிகுறியே இல்லாமல் நோயைச் சுமப்பது காளை என்பதால், அதன் குறியுறையைக் கழுவி, அந்த நீரை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுத் தேடுகிறார்கள். நோய் உறுதியானால் காளையை மந்தையிலிருந்து விலக்குகிறார்கள். கன்று நட்டமானால் பணம் நட்டம். அங்கே அறிவியல் சரியான இடத்தில் தேடக் கற்றுக்கொண்டது.

2020இல் மட்டும் உலகில் 15.6 கோடிப் பேருக்குப் புதிதாக இந்தத் தொற்று ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. குறைப்பிரசவத்தோடும், எச்.ஐ.வி. எளிதில் தொற்றுவதோடும் இதற்குத் தொடர்புண்டு. குணப்படுத்த மாத்திரை போதும். ஆனாலும் ஆய்வக வசதியில்லாத இடங்களில் அறிகுறியை மட்டும் கேட்டு மருந்து தருகிறார்கள். நம் நாட்டின் பச்சை நிற மருந்துத்தொகுப்பு அப்படிப்பட்டதுதான். பலருக்கு உடனடியாக உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலோருக்குச் சொல்லும்படியான அறிகுறியே இருப்பதில்லை. வெள்ளைப்படுவது எல்லாமும் நோயுமில்லை. இயல்பான கசிவு ஒவ்வொருத்திக்கும் உண்டு. முன்னவள் விடுபட்டுப்போகிறாள். பின்னவள் வேண்டாத மருந்தையும் வேண்டாத அவமானத்தையும் சுமக்கிறாள்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் தயங்கித் தயங்கி ஓர் அறிக்கையை நீட்டினாள். அதே வரி. நான் மருத்துவர் இல்லை. அதனால் மறுமுறை போகும்போது கேட்கச் சொல்லி மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்த முறையில் பார்த்தீர்கள்? எடுத்து எத்தனை நிமிடத்தில் பார்த்தீர்கள்? அவள் மணமானவள் என்பதால் மூன்றாவதாக: என் கணவரை எப்போது பார்ப்பீர்கள்?

தாளை மடித்துப் பைக்குள் வைத்தவள், “மூணாவதை நான் வீட்டுலயும் கேக்கணும், மேம்” என்றாள்.