இறைச்சியும் இருதயமும்

புலால் உண்பார்க்கு வரும் நோயைப் பாவத்தின் சம்பளம் என்றும், மேற்குலத்தார் தொடாத பன்றியைத் தின்றதன் பலன் என்றும் பேசுவோர் பிரிக்பீல்ட்ஸிலும் உளர். கிள்ளான் தோட்டங்களிலும் உளர். அன்னார்க்கு விடையாக ஒரு புழுவின் சரித்திரத்தை நாம் எடுத்துரைக்கிறோம்.

1835-இல் லண்டனில் ஜேம்ஸ் பாஜெட் என்னும் வைத்திய மாணவர், பிரேதமொன்றின் தசையில் மணல் போன்ற துகள்களைக் கண்டார். பூதக்கண்ணாடியால் நோக்கவே, அவற்றுள் புழுக்கள் சுருண்டு கிடந்தன. டிரிகினெல்லா என்பது அப்புழுவுக்கு இன்று வழங்கும் பெயர். அதன் கொடுமை கால் நூற்றாண்டு வரை புலப்படவில்லை. 1860-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், குடற்காய்ச்சல் என்று கருதப்பட்டு மாண்ட ஒரு வேலைக்காரப் பெண்ணின் தசையை ஸெங்கர் என்பார் ஆராய்ந்து, அவள் உண்ட பன்றியிறைச்சியே எமனாயிற்று என நிலைநாட்டினார். ஏழைப் பெண்ணொருத்தியின் சாவு உலகுக்கு உண்மையை உணர்த்திற்று.

வேகாத இறைச்சியோடு குடலிற் புகும் புழு அங்கே குஞ்சுகளை ஈனுகிறது. அவை இரத்தத்தில் ஏறி, கை கால் தசைகளில் கூடு கட்டித் தங்கிவிடுகின்றன. இருதயத்திலோ தங்குவதில்லை, கடந்தே போகின்றன. ஆயினும் அவை கடந்த அளவிலேயே இருதயத் தசை அழற்சியுற்று, துடிப்பு நிலை தவறுகிறது. இந்நோயால் மாள்வோரிற் பெரும்பாலோர் மாள்வது இருதயத்தாலேயாம். அதுவும் பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்குமேல்! அதற்குள் தின்ற விருந்தை யார் நினைக்கிறார்கள்?

இனி நம் ஊருக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வோங், பத்மநாதன் என்னும் இருவர், இறந்தோர் 100 பேரின் நாவைச் சோதித்து 1992-இல் வெளியிட்ட முடிவில், 21 பேரிடம் சார்கோசிஸ்டிஸ் என்னும் வேறொரு கிருமியின் கூடு இருந்தது. இனத்துக்கு இனம் வேற்றுமை காணப்படவில்லை. இக்கிருமி மனிதன் தசையில் ஏறுவது புலாலால் அன்று. விலங்கின் கழிவு கலந்த நீராலும் உணவாலுமே. 2012-இல் பங்கோர் தீவுக்குச் சென்ற 92 கல்லூரி மாணவர், ஆசிரியருள் 89 பேரை வீழ்த்தியதும் இவ்வினக் கிருமியே. குலம் பேசுவோர் இதற்கு என்ன சொல்வர்?

பன்றிப் புழுவுக்கோ தீயே மருந்து. இறைச்சியின் நடுவரை 71 பாகை செண்டிகிரேட் வெப்பம் ஏறவேண்டும். உப்புக்கண்டமும் புகையிட்டதும் நம்பத்தக்கவல்ல. உறைய வைத்தாலும் காட்டு விலங்கின் புழுக்களிற் சில சாவதில்லை. நம் பெண்டிர் நெடுநேரம் கொதிக்க வைக்கும் குழம்பில் அச்சமில்லை. தோட்டத்தில் காட்டுப்பன்றி விழுந்த இரவில், மதுவுக்குத் துணையாக அனலில் வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமுன் கடிக்கும் துண்டிலேதான் புழு உயிரோடிருக்கிறது.