கிளைக்கதையில் பிறந்த பிள்ளைகள்

கதை முடிந்தது என்று கூறிக் கதைசொல்லி எழுந்து போய்விடுகிறான். கேட்டிருந்தவர்கள் எழுவதில்லை. "பிறகு என்ன ஆயிற்று?" என்று வினவுகின்றனர். மணந்துகொண்ட தலைவனுக்கும் தலைவிக்கும் பிள்ளை பிறந்ததா, அப்பிள்ளை யாரைப் போல இருந்தது, தந்தையின் வீரம் அதற்கு வாய்த்ததா என்பனவே அவ்வினாக்களுள் தலையாயவை. விடை கிடையாதபோது தாங்களே ஒரு பிள்ளையைப் படைத்துக்கொள்கின்றனர். மாயக்கதைத் திரைப்படங்களின் இரசிகர்களிடையே இவ்வழக்கம் இன்று ஓவிய வடிவில் பெருகியிருக்கிறது. வேலையற்ற இளைஞரின் விளையாட்டு என்று பெரியோர் பலர் இதனை ஒதுக்குகின்றனர். ஆயின், இதன் வரலாற்றைச் சற்றே துருவிப் பார்ப்போமாயின், நாம் வாழும் இத்தென்கிழக்காசியாவிலேயே இதற்கு நெடிய பழமையும் நன்கமைந்த ஒரு முறையும் உண்டு என்பது புலனாகும்.

திரையிலிருந்து தாளுக்கு

"ஹௌ டு டிரெய்ன் யுவர் டிராகன்" என்னும் அமெரிக்கப் படம் 2010-இல் வெளிவந்தது. வைக்கிங் இளைஞன் ஹிக்கப், பறக்கும் நாகமொன்றைப் பகையாக எண்ணாது தோழனாக்கிக் கொள்வதே கதை. அவன் காதலி ஆஸ்ட்ரிட், படத்திற்கு மூலமான 2003-ஆம் ஆண்டு நூலில் இல்லாதவள், படத்திற்கெனப் படைக்கப்பட்டவள். அவ்விருவருக்கும் பிறக்கப்போகும் மக்களை இரசிகர்கள் தாளிலும் கணினியிலும் வரையத் தொடங்கினர். தந்தையின் பச்சை விழியும் தாயின் பொன்னிறக் கூந்தலுமாக ஒரு பெண். தாயின் துணிவும் தந்தையின் மெலிந்த உடலுமாக ஓர் ஆண். இவ்வாறு உருவாகிய பிள்ளைகள் பலர். 2019-இல் வந்த மூன்றாம் படத்தின் இறுதியில், ஒரு மகனும் ஒரு மகளும் அவர்களுக்கு இருப்பதாகப் படநிறுவனமே காட்டிற்று. அதனால் முன்னர் வரைந்த பிள்ளைகள் பொய்யாகிவிட்டனரா? வரைந்தவர்களைக் கேட்டால் இல்லை என்றே சொல்வர்.

இவ்வினா இதனினும் கூர்மையாக எழுந்த இடம் ஒன்றுண்டு. "ஸ்டார் வார்ஸ்" படங்களின் முதல் மூன்று பகுதிகள் 1977 முதல் 1983 வரை வெளிவந்தன. அவற்றின் தலைவியாகிய லேயாவுக்கும் தலைவனாகிய ஹான் சோலோவுக்கும் இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததாகத் திமதி சான் என்னும் எழுத்தாளர் 1991 முதல் 1993 வரை வெளியிட்ட நாவல்களில் எழுதினார். இவை உரிமையாளரின் இசைவுடன் வந்த நூல்கள். ஜெய்னா, ஜேசன் என்னும் அவ்விரட்டையர், அடுத்து வந்த நாவல்களில் வளர்ந்து ஆளாகினர். வாசகர் அவர்களோடு தாமும் வளர்ந்தனர். 2012-இல் நிறுவனம் டிஸ்னியின் கைக்கு மாறியது. 2014 ஏப்ரலில் அந்நாவல்கள் யாவும் "பழங்கதைகள்" என்னும் பெயருக்குள் ஒதுக்கப்பட்டன. 2015-இல் வந்த புதிய படத்தில் அத்தம்பதியருக்கு ஒரே மகன். அவன் தீயநெறி சென்று தன் தந்தையையே கொல்கிறான். இருபதாண்டு வாழ்ந்த பிள்ளைகள் ஓர் அறிக்கையினால் பிறவாதவர் ஆயினர். வாசகர் பலர் மனம் வருந்தியதில் வியப்பில்லை.

அநுமனுக்கு ஒரு மகன்

நம் பக்கத்து நாடாகிய தாய்லாந்துக்கு வருவோம். முதலாம் இராமா மன்னர் 1797-இல் இயற்றுவித்த "இராமகியென்" அந்நாட்டு இராமகாதை. அதில், கடலில் அணை கட்டும்போது கற்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. இராவணன் மகளாகிய சுவண்ணமச்சை என்னும் மீன்மங்கை தன் மீன்படையை ஏவிக் கற்களை அகற்றுகிறாள். அவளைப் பிடிக்கப் போன அநுமன் அவள்மீது காதல் கொள்கிறான். அவர்களுக்குப் பிறந்தவனே மச்சானு. உடல் வெண்குரங்கு, வால் மீன்வால். தாயும் தந்தையும் ஒரே உருவில் தெரியும்படி அமைந்த இவ்வடிவத்திற்கும், இன்றைய இரசிகர் வரையும் பச்சைவிழிப் பொற்கூந்தலுக்கும் முறையில் வேற்றுமை யாது?

பிறந்த பிள்ளையைக் கரையில் விட்டுத் தாய் நீங்க, பாதாளத்து அரக்கன் மையராப் அவனை எடுத்து வளர்க்கிறான். அவ்வரக்கன் இராமனைக் கவர்ந்து சென்றபோது, மீட்க வந்த அநுமனை வாயிற்காவலனாக நின்று தடுப்பவன் மச்சானுவே. இருவரும் பொருகின்றனர், எவரும் வெல்லவில்லை. பின்னர் ஒருவரையொருவர் தந்தை என்றும் மகன் என்றும் அறிகின்றனர். வளர்த்தவனைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. பெற்றவனைத் தடுக்கவும் மனமில்லை. தாமரைத் தண்டின் வழியே செல்லவேண்டும் என்பதைக் குறிப்பினால் மட்டும் உணர்த்துகிறான் அம்மகன். பாங்காக்கின் வாட் பிரா கேவ் கோயில் திருச்சுற்றில் இராமகியென் கதை 178 சுவரோவியங்களாகத் தீட்டப்பட்டிருப்பதை அங்குச் சென்ற அன்பர்கள் கண்டிருப்பர்.

அநுமன் பிரமசாரி என்று கொண்டொழுகும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இந்தியாவிலும் அவனுக்கு மகன் உண்டு. வடநாட்டார் மகரத்துவசன் என்பர். தமிழ்நாட்டு மயில்இராவணன் கதையிலும் அநுமனின் மைந்தன் வருகிறான். அநுமனின் வியர்வைத் துளி கடலில் விழ, அதனை விழுங்கிய மீன் கருவுற்றது என்பது மகரத்துவசன் பிறப்புக்குச் சொல்லப்படும் காரணம். பிள்ளையும் வேண்டும், பிரமசரியமும் கெடக்கூடாது என்று எண்ணியவர்கள் கண்ட வழி இது. மலாய் "இக்காயத் செரி ராமா" இன்னும் ஒருபடி சென்று, அநுமனையே இராமனுக்கும் சீதைக்கும் பிறந்த மகனாக்கிவிட்டது.

விசாங்கெனியின் மறைவு

சாவக நாட்டு நிழற்கூத்தாகிய வயாங்கில் நாம் காண்பது இவற்றினும் நுட்பமானது. பாரதப் போரை அந்நாட்டுப் புலவர் சடாவும் பனுலுவும் 1157-இல் காவியமாகப் பாடினர். கூத்தரோ, பாண்டவர்க்கு வியாசர் அறியாத மக்கள் சிலரையும் படைத்தனர். அருச்சுனனுக்கும் பிரமன் மகள் திரெசநலைக்கும் பிறந்தவன் விசாங்கெனி. விடமும் தீயும் என்பது அப்பெயரின் பொருள். தேவர்கள் அவனைச் சிசுவாகவே கொல்லக் கருதி எரிமலைக் குழம்பில் எறிகின்றனர். அவனோ முழு ஆளாக வெளிப்படுகிறான். சாவக மொழியில் மரியாதைப் படிகள் பல. விசாங்கெனியோ தேவரிடத்தும் "நீ, நான்" என்றே பேசுவான். வீமனுக்கும் ஒரு நாககன்னிக்கும் பிறந்த அந்தரெஜா, பகைவனின் காலடித் தடத்தை நக்கினாலே அப்பகைவன் மாள்வான்.

இத்துணை வலியர் போர்க்களம் புகுந்தால் பாரதம் பதினெட்டு நாள் நடக்குமா? ஒரே நாளில் முடியுமன்றோ! கூத்தர் இதனை எண்ணிப் பார்த்தனர். போருக்கு முன்னரே, தந்தையர் வெற்றிக்காகத் தன்னைப் பலியாக்கி விசாங்கெனி மறைகிறான். கண்ணன் சொற்படி அந்தரெஜா தன் காலடித் தடத்தையே நக்கி மாள்கிறான். வியாசர் கதை வழுவாது நடக்கிறது. புதிய பிள்ளைகளும் மக்கள் நெஞ்சில் நிலைபெறுகின்றனர்.

அடிமரமும் கிளையும்

கிளந்தான் நிழற்கூத்தர் மூலக்கதையைப் "போக்கோக்" என்பர். தாமே புனைந்த கதையை "ரந்திங்" என்பர். முன்னது மரம், பின்னது சிறுகிளை. சாவகத்தாரும் "சாராங்கான்" என்று கிளைப்பெயரே இட்டனர். நாமும் கிளைக்கதை என்றே வழங்குகிறோம். மூன்று மொழியினரும் ஒரே உவமையைக் கண்டது ஆராயத்தக்கது.

இவ்வுவமையில் ஒரு நீதி அடங்கியுள்ளது. கிளை மரத்தினின்றே தோன்றவேண்டும். ஆகவே பிள்ளையின் முகத்தில் பெற்றோர் தெரியவேண்டும். கிளை மரத்தை முறித்தலாகாது. ஆகவே விசாங்கெனி போருக்கு முன் விடைபெறுகிறான். இந்நீதியைக் கூத்தர் தாமே கண்டு தாமே காத்தனர். அவர்களுக்கு எவரும் உரிமைச் சீட்டு வழங்கவில்லை. எவரும் அதனைத் திரும்பப் பெறவும் இல்லை. விசாங்கெனி பிறக்கவில்லை என்று அறிக்கை விடுவதற்கு அங்கே ஆளில்லை. 2014-இல் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. கதை ஒரு நிறுவனத்தின் உடைமையாகும்போது, பிள்ளையைப் பெறும் உரிமையோடு இல்லையென்று மறுக்கும் உரிமையும் அதற்குச் சேர்ந்துவிடுகிறது.

தம் படைப்புக்கு உரிய ஊதியத்தை ஆசிரியரும் நிறுவனத்தாரும் பெறவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் விற்பனைக்கன்றி அன்பினால் வரையப்படும் ஒரு பிள்ளையின் படத்தால் மூலக்கதைக்கு வரும் கேடு ஒன்றுமில்லை. அதன் ஆயுள் நீள்வதே பயன். சட்டத்தில் அதற்கு இடமில்லாது போகலாம். கேட்டோர் நினைவில் இடமுண்டு. அச்சேறாத கூத்துப் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது அந்நினைவே.

ஆதலின், நம் வீட்டுச் சிறுமி ஒருத்தி தான் கண்ட திரைவீரனின் மகளை வரைந்து கொண்டுவந்து காட்டினால், "இப்படி ஒருத்தி கதையில் இல்லையே" என்று கடியாதிருப்போமாக. "இவள் யாரைப் போல இருக்கிறாள்? அப்புறம் என்ன செய்தாள்?" என்று கேட்போமாக. மச்சானுவையும் விசாங்கெனியையும் நமக்குத் தந்தது அந்தக் கேள்விதான்.