ஒப்பந்தத்தில் இல்லாத பையன்

எங்கள் டீமில் ஒருவர் வேலையை விடப்போகிறார். மகளுக்குப் பதினாறு வயது, மகனுக்குப் பதினான்கு. இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு ஒரு வருடம் உலகத்தைச் சுற்றப்போகிறாராம். கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட்டைக் காட்டினார். விசா, தடுப்பூசி, டிக்கெட், நாட்டுக்கு ஒரு டேப்.

"பசங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இப்ப என்ன தெரியும்? பின்னாடி தேங்க் பண்ணுவாங்க சார்."

எனக்குச் சட்டென்று ரைன்ஹோல்ட் ஃபோர்ஸ்டர் ஞாபகம் வந்தது. 1772-இல் பதினேழு வயது மகனோடு கப்பலேறி, மூன்று வருடம் உலகைச் சுற்றிவந்த அப்பா.

ரைன்ஹோல்ட் டான்சிக் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பாதிரியார். மனசு முழுக்கச் செடிகொடி, விலங்கு, மொழி. அறிவாளி, முன்கோபி, கையில் காசு தங்காத மனுஷன். மூத்த மகன் கெயோர்க்குக்குப் பத்து வயதானபோது, 1765-இல், அவனை மட்டும் கூட்டிக்கொண்டு ரஷ்யாவுக்குப் போனார். வோல்கா கரையில் குடியேறிய ஜெர்மானியர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அரசி கேத்தரினின் அரசுக்காகப் பார்த்து எழுதும் வேலை. எழுதியது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, எதிர்பார்த்த பணமும் வரவில்லை. சண்டை போட்டுவிட்டு, மகனோடு லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே லொமொனோசவ் எழுதிய ரஷ்ய வரலாற்றுச் சுருக்கத்தை கெயோர்க் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். 1767-இல் அது அச்சானபோது அவனுக்கு வயது பன்னிரண்டு. வீட்டுக்குச் சம்பாதிக்கிற பிள்ளையாகிவிட்டான்.

ஜேம்ஸ் குக்கின் இரண்டாவது பயணத்தில் இயற்கை ஆய்வாளராகப் போக வேண்டியவர் ஜோசப் பேங்க்ஸ். அவர் தன் வசதிக்காகக் கப்பலின் மேல் கட்டிய அறைகளால் ரெசல்யூஷன் தலைகனத்துப்போனது. கடற்படை அதை இடித்துவிட, அவர் கோபித்துக்கொண்டு விலகினார். கடைசி நேரத்தில் அந்த இடம் ரைன்ஹோல்டுக்குக் கிடைத்தது, நாடாளுமன்றம் ஒதுக்கிய 4000 பவுண்டோடு. உதவியாளராக, படம் வரைய, மகன். பையனின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா? கேட்கும் வழக்கமே அப்போது கிடையாது.

1772 ஜூலை 13-இல் பிளிமத்திலிருந்து கிளம்பினார்கள். 1773 ஜனவரி 17-இல் அன்டார்க்டிக் வட்டத்தைத் தாண்டினார்கள். மனிதர்கள் அதைத் தாண்டியதற்கான முதல் பதிவு அதுதான். மிதக்கும் பனிக்கட்டியை வெட்டி உருக்கிக் குடிதண்ணீர் சேர்த்தார்கள். ஆடுமாடுகளைக் குளிரிலிருந்து காப்பாற்ற ரைன்ஹோல்டின் அறைக்கு இருபுறமும் கட்டிவைத்தார்கள். நடுவில் விரிசல்விட்ட மெல்லிய பலகைதான், நாற்றம் தாங்கவில்லை என்று நாட்குறிப்பில் புலம்புகிறார். 1774 பிப்ரவரியில் குக்குக்குக் கடுமையான வயிற்றுநோய். கப்பலில் புது இறைச்சி இல்லை. ஃபோர்ஸ்டர் ஆசையாக வளர்த்த நாயை வெட்டிச் சமைத்துக் கொடுத்தார்கள். அப்பாவை எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் இந்த இடத்தில் மட்டும் பாவமாக இருக்கும்.

கெயோர்க்குக்கு ஸ்கர்வி வந்தது. அந்தக் குளிரில் கெட்ட உடம்பு ஆயுசுக்கும் தேறவில்லை.

அந்தக் கப்பலில் அவன் மட்டுமே இளசு இல்லை. பிறகு பெரிய கடலோடியாகப்போகும் ஜார்ஜ் வான்கூவர் பதினைந்து வயதில் ஏறியிருந்தான். நடுவழியில், ராயாட்டியா தீவில், மாஹினே என்ற போரா போரா தீவுக்காரன் ஏறினான். கெயோர்க் வயதுதான் இருக்கும். அவனிடம் டைரி கிடையாது. பார்த்த ஒவ்வொரு தீவுக்கும் ஒரு சிறு குச்சி எடுத்துக் கட்டாகக் கட்டி வைத்துக்கொண்டான். ஒன்பது பத்துக் குச்சிகள். வரிசை மாறாமல் தீவுகளின் பெயரைச் சொல்வான். பனிக்கடலுக்கு அவன் வைத்த பெயர் வெள்ளை நிலம். இதைக் கவனித்து எழுதிவைத்தவன் கெயோர்க்.

1774 ஆகஸ்டில் டான்னா தீவு. முதலில் சந்தேகத்தோடு பார்த்த மக்கள் மெல்லப் பழகிவிட்டார்கள். ஒருநாள் கெயோர்க் தோட்டங்களின் வழியே கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். மனசு நிறைந்திருக்கிறது. நம்மால் இவர்களுக்குத் தீங்கில்லை, நம்மை நம்பிவிட்டார்கள் என்று நினைத்தபடியே நடக்கிறான். மரங்களைத் தாண்டி வெளியே வந்தால், புல்லில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மடியில் ஒரு பிணம். அம்பை நம் பக்கம் குறிவைத்தான் என்று சொல்லிக் காவலன் சுட்டிருக்கிறான். குக்கும் இந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறார், கண்டித்தும் இருக்கிறார். ஆனால் சற்றுமுன் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதிலிருந்து தொடங்குகிறவன் கெயோர்க் மட்டும்தான். குண்டு அந்தச் சந்தோஷத்தின் மேலும் பாய்கிறது. அப்பா எடுத்த மாதிரிகளின் பட்டியலில் இதற்கு எண் கிடையாது.

1775 ஜூலை 30-இல் இங்கிலாந்து திரும்பினார்கள். பயண நூலை யார் எழுதுவது என்று சண்டை. ரைன்ஹோல்டின் எழுத்தைத் திருத்தித்தான் வெளியிடுவோம் என்றார் கடற்படைத் தலைவர் சாண்ட்விச் பிரபு. என் எழுத்தில் கைவைக்காதே என்றார் இவர். கடைசியில் அவர் தனியாகப் பயணக்கதை எழுதவே கூடாது என்றாகிவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட்டது அப்பா மட்டும்தானே? பையன் ஒப்பந்தத்தில் இல்லை. எங்கள் வேலையில் இந்த மாதிரி ஓட்டையைக் கண்டுபிடிப்பவனுக்கு அவார்டு கொடுப்பார்கள்.

கெயோர்க் உட்கார்ந்து எழுதினான். 1777 மார்ச்சில், குக்கின் நூலுக்கு ஆறு வாரம் முன்பே, இரண்டு பாகங்களாக வந்தது. வானியலாளராகக் கூட வந்த வில்லியம் வேல்ஸ், இது அப்பன் எழுதி மகன் பெயரில் விட்ட புத்தகம் என்று தாக்கினார். முழுப் பொய்யில்லை. அப்பாவின் நாட்குறிப்புதான் அடித்தளம். ஆனால் டான்னாவின் அந்த நடை அப்பாவுடையது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

புத்தகம் பெயர் வாங்கித் தந்தது, கடனை அடைக்கவில்லை. 1778-இல் அப்பாவுக்கு வேலை தேடி ஜெர்மனிக்குப் போனதும் மகன்தான். அதற்குப்பின் இன்னொரு உலகப் பயணம் கிட்டத்தட்ட அமைந்தது. அதே கேத்தரின் 1787-இல் ஒரு குழுவை அனுப்பத் திட்டமிட்டார், இந்தமுறை ஆய்வாளர் கெயோர்க். துருக்கியோடு போர் மூண்டு அது நின்றுபோனது. 1790-இல் இருபது வயது அலெக்சாண்டர் ஹம்போல்ட்டைக் கூட்டிக்கொண்டு ரைன் நதி வழியே இங்கிலாந்துவரை போய்வந்தார். பின்னாளில் ஹம்போல்ட் அவரைத் தன் ஆசான் என்றே சொன்னார்.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி. மைன்ஸ் நகரில் குடியரசு அமைத்தவர்களில் ஒருவராகி, அதன் பிரதிநிதியாகப் பாரிஸ் போனார். மைன்ஸ் வீழ்ந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. மனைவி பிரிந்துவிட்டார். 1793 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் டிராவெர் என்ற ஊரில் தன் இரண்டு பெண்குழந்தைகளைப் பார்த்தார். மூத்தவளுக்கு ஏழு வயது. மூன்று நாள் கூட இருந்துவிட்டுப் பாரிஸ் திரும்பினார். 1794 ஜனவரி 10-இல் இறந்தபோது வயது 39.

ஹாலே பல்கலைக்கழகத்தில் அப்பா அப்போதும் பேராசிரியராக இருந்தார். இன்னும் கிட்டத்தட்ட ஐந்து வருடம் உயிரோடிருந்தார்.