பன்னிரண்டரை பிராங்க் சம்பளம்

கடல் தாண்டித் தொழில் நடத்துகிறவர்களுக்கு நிலமும் இயந்திரமும் பெரிய தொல்லை தருவதில்லை. பணம் இருந்தால் வாங்கிவிடலாம். ஆளைச் சேர்ப்பதும், சேர்த்த ஆளுக்கு மாதா மாதம் ஒழுங்காகச் சம்பளம் போடுவதும்தான் தொல்லை. இன்று இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னாலேயே இந்த வேலை நம் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பெரிய அளவில் நடந்தது. ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப், கயானா கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போன கதையைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கதையைப் பலர் கண்ணீரோடு எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு குமாஸ்தாவாகப் பார்க்கிறேன். பல ஆண்டுகள் சம்பளப் பட்டியல் எழுதியவனுக்கு முதலில் கண்ணில் படுவது தொகை அல்ல, பிடித்தம்தான்.

முதலில் காலவரிசை. 1828-இல் ஏனாமிலிருந்து பதினைந்து பேர் ரெயூனியனுக்குப் போனார்கள். அந்தத் தீவை அப்போது பூர்போன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பெரிய அளவில் ஆள் தேவைப்பட்டது 1848-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஏப்ரல் 27-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய எஜமானின் தோட்டத்துக்குத் திரும்ப மனமில்லாமல் விலகிப் போனார்கள். கரும்பு மட்டும் வயலில் நின்றது. தோட்டக்காரர்களின் கண் இந்தியாவின் பக்கம் திரும்பியது. 1852 பிப்ரவரி 13-ஆம் தேதி ஆணை ஒப்பந்தக் கூலிக்கான சட்டத்தை வகுத்தது. 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் முந்நூற்றுச் சொச்சம் பேரை மர்த்தினிக்கில் இறக்கியது. அதே கப்பல் 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப்பில் முதல் கூட்டத்தை இறக்கியது.

ஆள் எங்கிருந்து கிடைத்தது? பிரெஞ்சு மண்ணில் அத்தனை பேர் ஏது? வில்லியனூர், பாகூர் எல்லையை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். இன்றைக்கும் நம் கொம்யூன்களின் வரைபடம் கிழிந்த துணியைப் போலத்தான் இருக்கிறது. ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. அன்று அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ராஜ்யம். தென்னார்க்காடு, தஞ்சாவூர்ப் பக்கங்களில் மழை பொய்த்த காலத்தில் மேஸ்திரி ஒருவன் வந்து பேசினால், வரப்பைத் தாண்டுவது போல் எல்லையைத் தாண்டிவிடலாம். மேஸ்திரிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு. கூட்டி வந்தவர்களை டெப்போவில் தங்கவைத்து, கையில் முன்பணம் கொடுத்து, சலங்கில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் புதுச்சேரி வணிக நிறுவனங்களே ஒரு சங்கம் வைத்து இதை நடத்தின.

தன் குடிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேற்றுவதைப் பிரிட்டிஷ் அரசு சந்தேகத்தோடு பார்த்தது. ஆளைக் கடத்துகிறார்கள் என்று புகார்கள் எழுந்தன. கடைசியில் 1860-இல் ரெயூனியனுக்காகவும், 1861-இல் எல்லாக் காலனிகளுக்காகவும் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, போகிறவன் தன் விருப்பத்தோடு போகிறானா, ஒப்பந்தம் அவனுக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டும். காலனிகளில் பிரிட்டிஷ் கான்சல் அவன் குறையைக் கேட்கலாம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. முடிந்ததும் ஊர் திரும்ப இலவசக் கப்பல். படிக்கும்போது, அந்தக் காலத்துக்கு இது நல்ல சட்டமாகவே தெரிகிறது.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். குவாதலூப்பில் ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து பிராங்க். அன்றைய வெள்ளி மதிப்பில் பன்னிரண்டரை பிராங்க் என்பது ஏறக்குறைய ஐந்து ரூபாய். அரிசி, துணி, குடியிருப்பு, வைத்தியம் தோட்டக்காரன் செலவு. பஞ்சத்தில் அடிபட்ட குடியானவனுக்கு இது கசக்குமா?

ஆனால் அந்த 'மாதம்' காலண்டர் மாதமல்ல. இருபத்தாறு வேலை நாள் சேர்ந்தால்தான் ஒரு மாதம். பன்னிரண்டரையை இருபத்தாறால் வகுத்தால் நாளொன்றுக்கு 48 சாந்திம். ஐந்து ஆண்டுக்கு 1,560 நாள், மொத்தம் 750 பிராங்க். ஒரு நாளும் தவறாமல் உழைத்தவனுக்கு, முன்பணத்தைக் கழிப்பதற்கு முன்னால் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை இதுதான்.

ஒரு நாள் வராவிட்டால்? அந்த நாள் சம்பளம் இல்லை. அது எங்கும் உள்ளதுதான். ஆனால் 1852 ஆணை இன்னொன்றும் சொன்னது: தகுந்த காரணமின்றி வராத ஒவ்வொரு நாளுக்கும், நஷ்டஈடாக இன்னொரு நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொள்ளலாம். இதற்கு இரட்டைப் பிடித்தம் என்று பெயர். 1861 உடன்படிக்கை மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது: தானாக வேலையை நிறுத்திய நாள்களுக்கு ஈடாக, ஒப்பந்தத்தின் கடைசியில் அத்தனை நாள் கூடுதலாக உழைத்துத் தீர்க்க வேண்டும்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவன் மாதத்தில் நான்கு நாள் வரவில்லை என்று எழுதப்பட்டால், உழைத்தது 22 நாள். அதில் நான்கு நாள் நஷ்டஈடாகப் போனால், சம்பளம் வருவது 18 நாளுக்கு. அதாவது எட்டு பிராங்க் 65 சாந்திம். பன்னிரண்டரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஐந்து ஆண்டும் இப்படியே போனால் 240 நாள் பாக்கி. இருபத்தாறு நாள் மாதக் கணக்கில் அது ஒன்பது மாதத்துக்கு மேல். ஊர் திரும்பும் கப்பலும் அந்த அளவுக்குத் தள்ளிப் போகிறது. வராத ஒரே நாளுக்கு மூன்று முறை விலை.

'தகுந்த காரணம்' எது என்று முதலில் தீர்மானிப்பது யார்? தோட்டத்தில் வருகைப் பதிவேட்டை எழுதுகிறவன். அவன் யார்? சம்பளம் கொடுக்க வேண்டிய முதலாளியின் ஆள். காய்ச்சலில் படுத்தவனைச் சோம்பேறி என்று எழுதினால், அதைப் படித்துப் பார்க்கக்கூட கூலிக்காரனுக்கு எழுத்துத் தெரியாது. 'லிவ்ரே' என்ற சிறு புத்தகம் அவன் பேரில் இருந்தது. அதில் இருந்ததோ பிரெஞ்சு. புகார் சொல்லப் போக வேண்டுமென்றால் தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். அனுமதியில்லாமல் போனால் அதுவும் வராத நாள்.

இதனால்தான் நல்ல சட்டம் இருந்தும் காரியம் கெட்டது என்று நான் நினைக்கிறேன். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டுவது டெப்போவில் ஒரே ஒரு நாள். பதிவேடு எழுதுவதோ ஐந்து வருஷம், தினமும். இரண்டு அரசுகளும் அந்த ஒரு நாளைக் கவனித்த அளவுக்கு மற்ற நாள்களைக் கவனிக்கவில்லை. எந்த அலுவலகத்திலும் சம்பளப் பட்டியல் எழுதுகிறவன் ஒருவன், சரிபார்க்கிறவன் இன்னொருவன், பணம் கொடுக்கிறவன் மூன்றாமவன் என்று வைத்திருப்பார்கள். யாரையும் நம்பாததால் அல்ல. ஒரே கையில் மூன்றும் இருந்தால் யோக்கியனுக்கும் கை தடுமாறும் என்பதால். தோட்டத்தில் மூன்றும் ஒரே கையில் இருந்தன.

விளைவு தெரிந்துதான் இருந்தது. 1877-இல் பிரிட்டிஷ் தரப்பில் கோல்ட்ஸ்மித், பிரெஞ்சுத் தரப்பில் மியோ என்ற இரு அதிகாரிகள் ரெயூனியனுக்குப் போய் விசாரித்தார்கள். மணிக்கணக்கை மீறிய வேலை, தாமதமான சம்பளம், தள்ளிப்போன ஊர் திரும்பல் என்று குறைகள் வெளிவந்தன. 1882-இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. குவாதலூப்புக்கும் 1880-களின் இறுதியோடு முடிந்தது. அதற்குள் அங்கே மட்டும் நாற்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல் போயிருந்தார்கள். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களில் ஏராளமானோர் அந்த மண்ணிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்கள் அங்கேயே குடும்பமானார்கள்.

அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல் வந்தது. உடன்படிக்கை பேசியது பிரிட்டிஷ் இந்தியக் குடிகளைப் பற்றி. அப்படியானால் குவாதலூப்பில் பிறந்த பிள்ளை யாருடைய குடி? இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் ஆன்ரி சிதம்பரம். 1863-இல் குவாதலூப்பின் கபெஸ்தேரில் பிறந்தவர். 1904-இல் தொடங்கிய அவருடைய போராட்டம் 1923-இல்தான் முடிந்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் உறுதியாயின. கூலி என்பது நம் தமிழில் உழைப்புக்குக் கொடுக்கும் காசு. கடல் கடந்தபின் அது ஆளுக்கே பெயராகிவிட்டது. அந்தப் பெயரிலிருந்து குடிமகன் என்ற பெயருக்கு வர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின.

இப்போதும் நம் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். 1983-ஆம் ஆண்டு வெளிநாட்டுக் குடியேற்றச் சட்டம் இருக்கிறது. அதன்படி பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். துபாய் முதலான அமீரகங்களில் 2009 முதல் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கும் முறை வந்திருக்கிறது. பணம் கொடுக்கும் கை வேறாயிற்று, சாட்சியும் இருக்கிறது. பழைய தோட்டங்களில் இல்லாதது இதுதான். ஆனால் எத்தனை நாள் வேலை, எத்தனை மணி ஓவர்டைம் என்று எழுதுவது இன்றும் பல இடங்களில் முதலாளியின் ஆள்தான்.

ஆகவே பேரப்பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு மாதம் என்பது எத்தனை நாள், விடுப்பு எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், வருகையை யார் எழுதுகிறார்கள், ஒப்பந்தத்தின் நகல் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். தினமும் வேலை செய்த நேரத்தைத் தங்கள் கைப்பட ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் லிவ்ரேயோ, தீவிலிருந்து வந்த கடிதமோ, கப்பல் சீட்டோ இருந்தால், குப்பை என்று எரித்துவிடாதீர்கள். ரெயூனியனிலிருந்தும் குவாதலூப்பிலிருந்தும் தங்கள் முன்னோர் எந்த ஊர் என்று தேடி இங்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பிரெஞ்சு எழுத்தில் உருமாறிப்போன ஒரு பெயரும் ஒரு பதிவு எண்ணும் மட்டுமே. ஊரின் பெயர் உங்கள் பெட்டியில் இருக்கக்கூடும்.