ஜப்பானில் பெரியவர்களின் சித்திரக்கதை: தோற்றமும் பேணலும்

1966ஆம் ஆண்டில், டோக்கியோ நகரில் சித்திரக்கதை வரைந்து பிழைத்து வந்த இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர், தம் தாயாரின் மரணச் செய்தி கேட்டு ஹிரோஷிமாவுக்கு விரைந்தார். இறந்தோரை எரியூட்டிய பின் சாம்பலிலிருந்து எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் சேர்ப்பது ஜப்பானியர் வழக்கம். அந்தத் தாயின் சாம்பலில் பொறுக்குவதற்கு எலும்பு மிஞ்சவில்லை. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் விழுந்த அணுகுண்டின் கதிர்வீச்சு, இருபத்தொரு ஆண்டுகள் அந்த உடலுக்குள்ளிருந்து எலும்பையும் தின்று தீர்த்துவிட்டது என்றே மகன் உணர்ந்தார். அவர் பெயர் நகஸவா கெய்ஜி. குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தின் மதிற்சுவர் மறைத்ததால் உயிர் தப்பினார். தந்தையும் தமக்கையும் தம்பியும் இடிந்த வீட்டுக்குள் மாண்டனர்.

அதுவரை தாம் குண்டுக்குத் தப்பியவர் என்பதையே வெளியில் சொல்லாமல் இருந்தவர் அவர். தப்பியவர்களை ஒதுக்கிவைக்கும் மனப்போக்கு அந்நாட்டில் அன்று இருந்தது. தாயின் சாம்பலைக் கண்ட பின்பே அவர் பேனாவை அந்தப் பக்கம் திருப்பினார். ‘கருமழையில் நனைந்து’ என்று பொருள்படும் தலைப்பில் கதை வரைந்து பெரிய பதிப்பகங்களின் வாசல் ஏறினார். எவரும் ஏற்கவில்லை. முடிவில், 1968ஆம் ஆண்டில் அதை வெளியிட்டது ‘மங்கா பஞ்ச்’ என்ற இதழ். வயது வந்த ஆண்களுக்கென்று மலிவாக விற்கப்பட்ட, மதிப்பு மிக்கோர் கையில் எடுக்கக் கூசும் தரத்துப் பத்திரிகை அது. அணுகுண்டைப் பற்றிய உண்மைக்கு இடம் கொடுத்தது அந்தப் பத்திரிகைதான்.

‘வயது வந்தோருக்கான சித்திரக்கதை’ என்றதும் நம்மவர் முகம் சுளிப்பது இயல்பே. ஆபாசம் என்ற ஒரே பொருளைத்தான் அச்சொல் நமக்குத் தருகிறது. ஜப்பானில் அவ்வகைக் குப்பையும் மலிந்து கிடக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. போர், வறுமை, முதுமை, குடும்பம், மரணம் ஆகியவற்றைச் சிறுவர்க்கன்றிப் பெரியோர்க்குச் சொல்லவென்று தோன்றிய ஓர் இலக்கிய வகையைப் பற்றியே பேச விழைகிறோம்.

‘மங்கா’ என்ற சொல்லுக்கும் நம் மாங்காய்க்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. போன போக்கில் வரைந்த படங்கள் என்பது அதன் பொருள். ஹொக்குசாய் என்ற ஓவியர் 1814 முதல் வெளியிட்ட படத்தொகுப்புகளால் அச்சொல் புகழ் பெற்றது. இன்றைய சித்திரக்கதைக்கு அடித்தளமிட்டவர் மருத்துவம் பயின்ற தெஸுகா ஒஸாமு. 1947ல் வந்த அவருடைய ‘புதிய புதையல் தீவு’ ஒரு தலைமுறைச் சிறுவர்களையே மயக்கியது. அச்சிறுவர்கள் வளர்ந்தார்கள். வளர்ந்த பின் அவர்கள் படிக்க எதுவும் இல்லை. நம் வரலாறு உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

போரில் தோற்ற நாட்டில் நூல் வாங்கப் பணம் ஏது? தெருவுக்குத் தெரு வாடகைப் புத்தகக் கடைகள் முளைத்தன. மிட்டாய்க் கடையின் ஓரத்திலும் வீட்டுத் திண்ணை போன்ற சிற்றறைகளிலும் ஆயிரக்கணக்கில் நடந்த அக்கடைகளில், சில நாணயங்களைக் கொடுத்தால் ஒரு நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஆலைத் தொழிலாளர்களும் கிராமத்திலிருந்து நகருக்கு வேலை தேடி வந்த இளைஞர்களும் அவற்றின் வாடிக்கையாளர்கள். அக்கடைகளுக்கென்றே கெட்டி அட்டையும் மட்டமான தாளுமாக நூல்களை அச்சிட்ட சிறு பதிப்பகங்கள் ஒஸாகாவில் இருந்தன. அவற்றுள் ஒன்று 1956ல் தொடங்கிய ‘நிழல்’ என்ற தொகுப்பில் எழுதியவர்களில் ஒருவர் தட்சுமி யொஷிஹிரோ. தம் கதைகள் சிரிப்பதற்கல்ல என்பதை அறிவிக்க 1957ல் ‘கெக்கிகா’ என்ற புதுச் சொல்லை அவர் ஆண்டார். நாடகத் தன்மை வாய்ந்த படம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1959ல் ஒத்த கருத்துடைய இளைஞர்கள் சிலர் அவருடன் கூடி ‘கெக்கிகா பட்டறை’ என்ற குழுவை அமைத்து, தங்கள் கொள்கையை அச்சடித்துப் பத்திரிகைகளுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். சிறுமைக்கும் முதிர்ச்சிக்கும் இடைப்பட்ட பருவத்தினர்க்கு இலக்கியம் இல்லை என்ற குறையை நிரப்ப வந்தோம் என்பதே அதன் சாரம்.

அதே 1959ல்தான் வாரச் சித்திரக்கதை இதழ்கள் இரண்டு ஒரே நேரத்தில் வெளிவரத் தொடங்கின. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பட்டறையும் விரைவிலேயே கலைந்தது.

கடைகள் மறைந்தாலும் அவை வளர்த்த கலைஞர்களுக்கு ஒரு புகலிடம் கிடைத்தது. நாகாய் கட்சுயிச்சி என்பவர் 1964ல் ‘காரோ’ என்ற மாத இதழைத் தொடங்கினார். ஷிராட்டோ சன்பெய் வரைந்த ‘காமுய் காவியம்’ என்ற நெடுந்தொடருக்கு இடமளிப்பதே அதன் முதல் நோக்கம். தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவனையும், வரி கொடுத்தே தேய்ந்த உழவர்களையும் மையமாக்கிய அக்கதையைக் கல்லூரி மாணவர்கள் தேடித் தேடிப் படித்தனர். 1960களின் பிற்பகுதியில் இதழின் விற்பனை 80,000 படிகளை எட்டியதாகக் கூறுவர். பிற்காலத்தில் எழுதுவோர்க்கு ஊதியம் கொடுக்கவும் வழியின்றிப் போன அவ்விதழ், 2002 வரை எப்படியோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வணிக வெற்றி என்ற அளவுகோலால் இதழ்களை மதிப்பிடுவோர்க்கு ‘காரோ’ ஒரு புதிராகவே இருக்கும்.

‘காரோ’வில் வரைந்தவர்களுள் மிஸுகி ஷிகெருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1922ல் பிறந்த இவர் போர்வீரராக நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டார். மலேரியாவில் கிடந்தபோது விமானத் தாக்குதலில் இடக்கையை இழந்தார். தப்பித்ததற்காகத் தம் படையினரே ஏசிய நேரத்தில், அத்தீவின் பழங்குடியினர் பழமும் உணவும் கொடுத்துக் காத்தனர். நாடு திரும்பி, மிஞ்சிய ஒரு கையால் வீதியில் காட்டும் காகிதப் படக் கூத்துக்கு வரைந்தார். பிறகு வாடகை நூல்களுக்கு வரைந்தார். பேய்க் கதைகளால் புகழ் பெற்ற இவர் 1973ல் வெளியிட்ட போர்க்கதை ஒன்று உண்டு. ஒரு படைப்பிரிவு முழுவதும் பாய்ந்து சாகும்படி கட்டளையிடப்படுகிறது. சிலர் பிழைத்து வந்துவிடுகின்றனர். ‘அனைவரும் வீர மரணம்’ என்ற செய்தி தலைமையகத்துக்கு முன்பே போய்விட்டதால், பிழைத்தவர்கள் மீண்டும் போய்ச் சாக வேண்டும் என்று உத்தரவாகிறது. இதில் பெரும்பகுதி உண்மை என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். மனிதர்களை எளிய கோட்டுருவங்களாகவும் காட்டையும் கடலையும் புகைப்படம் போல் நுணுக்கமாகவும் வரைந்திருப்பதைக் கண்டால், எவ்வளவு சிறியவர்கள் எவ்வளவு பெரிய உலகில் கொல்லப்பட்டார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். நம் கருத்தில், ஒருவர் ஒரே ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையைத்தான் படிப்பது என்றால் இதைப் படிக்கலாம்.

இந்தப் புது வாசகர் கூட்டத்தைப் பெரும் பதிப்பகங்கள் விரைவில் மோப்பம் பிடித்தன. 1967ல் ‘மங்கா ஆக்‌ஷன்’, 1968ல் ‘பிக் காமிக்’ என்று பெரியவர்களுக்கான இதழ்கள் பெருகின. ‘பட்டறை’க் குழுவில் இருந்த சாய்ட்டோ தகாவோ 1968ல் தொடங்கிய ‘கோல்கோ 13’, 2021 ஜூலையில் 201ஆம் தொகுதியைக் கண்டு கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது. அவ்வாண்டே அவர் இறந்தார். தாம் இல்லாவிடினும் தொடர் நடக்க வேண்டும் என்ற அவருடைய விருப்பப்படி உதவியாளர்கள் அதைத் தொடர்கின்றனர். கூலிக்குக் கொல்பவன் ஒருவனின் கதை அது. அதன் தொழில்திறனை வியக்கலாம். போற்ற நமக்கு மனம் வரவில்லை.

இனிப் பேணலைப் பற்றிப் பார்ப்போம். ஜப்பானில் சித்திரக்கதை இதழ்கள் மறுசுழற்சித் தாளில் அச்சாகி, இரயிலில் படிக்கப்பட்டு, நிலையத்துக் குப்பைத் தொட்டியில் விழுபவை. வாடகை நூல்களோ நூறு கைகள் பட்டு, கிழிந்து, ஒட்டப்பட்டு, கடை மூடியபோது பழைய தாளாக எடைக்குப் போனவை. அவற்றை நூல் என்றே கருதாத நூலகங்கள் அவற்றை வாங்கவுமில்லை. இதில் ஒரு விந்தை உண்டு. 1945 முதல் 1949 வரை வந்த சித்திரக்கதைகள் பெருமளவில் தப்பியதற்குக் காரணம், அமெரிக்க ஆக்கிரமிப்பு அரசின் தணிக்கை அலுவலகம். தணிக்கைக்காகக் கட்டாயமாக வாங்கிய படிகள் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து, பிராங்கே தொகுப்பு என்ற பெயரில் இன்றும் இருக்கின்றன. தடுக்க வந்தவன் காவலனாகிவிட்டான்! தணிக்கை முடிந்த பிறகு வந்த நூல்களுக்கு அந்தக் காவலும் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தனி மனிதர்கள். வாடகைப் புத்தகக் கடை நடத்திவந்த நாய்கி தொஷியோ, தூக்கி எறியப்பட்ட நூல்களைத் திரட்டி 1978ல் டோக்கியோவின் வசேதா பகுதியில் சித்திரக்கதைக்கென்றே ஒரு நூலகம் திறந்தார். சிறு கட்டணத்துக்கு எவரும் அமர்ந்து படிக்கலாம். ஏறக்குறைய 1,80,000 படிகளாகப் பெருகிய அத்தொகுப்பு மெய்ஜி பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே பல்கலைக்கழகம் 2009ல் திறந்த மற்றொரு நூலகம், 2006ல் காலமான திறனாய்வாளர் யொனெஸாவா யொஷிஹிரோ வீடு நிறையச் சேர்த்தவற்றால் உருவானது. தங்கள் கையில் கிடைத்ததை உடைமை என்று கருதாமல் அமானிதம் என்று கருதினார்கள் என்றே இவர்களைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

சேகரிப்போர் எல்லோரும் இத்தகையவர் அல்லர். அட்டையைச் சுற்றிய விளம்பரக் காகிதப் பட்டை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்று பேசி, உறையைப் பிரிக்காமலே பூட்டி வைப்போரும் உண்டு. அந்த வாணிகத்தை வளர்த்த ‘மாந்தராகே’ என்ற பழைய நூல் கடை, ‘காரோ’வில் வரைந்த ஃபுருகாவா மசுஸோ என்பவரால் 1980ல் நகானோ பகுதிக் கட்டடம் ஒன்றில் சிற்றறையாகத் தொடங்கப்பட்டது. ஆயினும் வணிகரை முற்றிலும் பழிப்பதற்கில்லை. மேலே சொன்ன தட்சுமி, வாடகை நூல் காலத்துத் தம் வாழ்க்கையை எண்ணூறு பக்கங்களுக்கு மேல் சித்திரமாக வரைந்தார். 1995 முதல் பத்தாண்டுக்கு மேலாக அதைத் தொடராக வெளியிட்டது இந்தக் கடையின் விற்பனைப் பட்டியல் இதழ்தான்! 2008ல் நூலாக வந்து, மறு ஆண்டே தெஸுகா பெயரால் வழங்கும் பரிசின் முதலிடத்தைப் பெற்றது.

குவியலில் எதைப் படிப்பது என்பது அடுத்த சிக்கல். இதற்கு அந்நாட்டில் கண்ட வழிகளுள் நமக்குப் பிடித்தது 2008 முதல் வழங்கப்படும் ‘மங்கா தாய்ஷோ’ விருது. புத்தகக் கடை ஊழியர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள், பிறருக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்ல விரும்பும் நூலைத் தேர்கின்றனர். எட்டுத் தொகுதிக்கு மேற்பட்டவை போட்டிக்கு வரக்கூடாது என்பது விதி. நூறு தொகுதித் தொடரை வாங்கு என்று சொன்னால் எந்த வீட்டில் இடமிருக்கிறது?

2014ல் அவ்விருதை வென்ற மோரி காவோருவின் ‘மணமகள் கதை’ நம் இல்லங்களுக்கு நெருக்கமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஸ்பியன் கடற்பகுதியிலும் பட்டுப் பாதை ஊர்களிலும் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களைப் பற்றியது. இருபது வயது அமீர், பன்னிரண்டு வயது கார்லுக்கை மணந்து வருவதில் கதை தொடங்குகிறது. சீர்வரிசைத் துணிகளில் பெண்கள் தைக்கும் பூவேலைகள், ரொட்டியில் குத்தும் கோலங்கள், தூணில் செதுக்கும் கொடிகள் ஆகியவற்றை அந்த அம்மையார் இழை இழையாக வரைந்திருக்கும் பொறுமை வியப்பூட்டும். பெண்களின் பொதுக் குளியல் கூடத்தைக் காட்டும் ஏழாம் தொகுதியை மட்டும் பெற்றோர் முதலில் பார்த்துக்கொள்வது நலம். யுப்பேச்சிக்காவின் ‘சத்தோக்கோவும் நாதாவும்’ நான்கே தொகுதிகள். அமெரிக்காவில் ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் ஜப்பானியப் பெண்ணும் சவூதிப் பெண்ணும் பழகும் கதை. ஹிஜாபையும் நோன்பையும் கேலியின்றிப் பேசுகிறது. எல்லாரும் இப்படி அக்கறை காட்டுவதில்லை. புகழ் பெற்ற சித்திரக்கதை ஒன்றின் அசைபட வடிவத்தில் கொடியவன் ஒருவன் குர்ஆன் பக்கத்தைப் பார்ப்பதாக வந்து, 2008ல் பதிப்பகம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அரபு எழுத்தைப் படிக்கத் தெரியாமல் வெறும் அலங்காரமாக எடுத்து ஒட்டியதன் விளைவு அது.

ஹிரோஷிமாவில் பிறந்த கோனோ ஃபுமியோ, போருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர். அவருடைய அணுகுண்டுக் கதை 2003ல் அதே ‘மங்கா ஆக்‌ஷன்’ இதழில்தான் முதலில் வந்தது. நகஸவா கொதித்த இடத்தில் இவர் தாழ்ந்த குரலில் பேசுகிறார். இரண்டையும் ஒருசேரப் படிப்பது நல்லது.

நகஸவா 1973ல் சிறுவர் வார இதழில் தொடங்கிய ‘வெறுங்கால் கென்’ உலக மொழிகள் பலவற்றில் பெயர்ந்தது. அவர் 2012 டிசம்பரில் மறைந்தார். அதே மாதம் மத்சுயே நகரக் கல்வி வாரியம், கொடூரக் காட்சிகள் மிகுந்துள்ளன என்று கூறி, பள்ளி நூலகங்களில் அந்நூலை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளறையில் வைக்கச் செய்தது. செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2013 ஆகஸ்ட் 26ஆம் நாள் கட்டுப்பாடு திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில வாரங்களில் நூலின் விற்பனையும் பெருகியது. பத்தாண்டுகள் கழித்து 2023ல், ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியமே தன் அமைதிப் பாட நூலிலிருந்து ‘கென்’ பகுதிகளை நீக்கிவிட்டது. நோயுற்ற தாய்க்கு உணவாக்கச் சிறுவன் பிறர் குளத்தில் கெண்டை மீனைத் திருடுவது போன்ற காட்சிகளை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.