ஒரே கண்ணாடித் துண்டில் 6,400 மரபணுக்கள்.. டிஎன்ஏ மைக்ரோஅரே என்றால் என்ன? மாணவர்கள் கைக்கு வந்தது எப்படி?

கண்ணில் இருக்கும் செல்லுக்கும் கல்லீரலில் இருக்கும் செல்லுக்கும் டிஎன்ஏ கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் எப்படி வேலை மட்டும் வேறு வேறு? எந்த மரபணு 'ஆன்' ஆகிறது, எது 'ஆஃப்' ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதுதான் மரபணு ஒழுங்குமுறை. இதை மொத்தமாகப் பார்க்க உதவும் கருவிதான் டிஎன்ஏ மைக்ரோஅரே.

எப்படி வேலை செய்கிறது?

ஒரு கண்ணாடித் துண்டில், ஒவ்வொரு மரபணுவின் டிஎன்ஏவையும் ஒரு சின்னப் புள்ளியாக ரோபோ வைத்துவிடும். ஒரு மரபணு ஆன் ஆனால் அதன் ஆர்என்ஏ நகல் செல்லில் உருவாகும். ஒப்பிட வேண்டிய இரண்டு மாதிரிகளின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, ஒன்றுக்குப் பச்சை, இன்னொன்றுக்குச் சிவப்பு என ஒளிரும் சாயம் ஏற்றி, கலந்து அந்தக் கண்ணாடியில் விடுவார்கள். ஒவ்வொன்றும் தன் ஜோடிப் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் செய்தால் எந்த மாதிரியில் எந்த மரபணு அதிகம் இயங்கியது என்பது நிறத்திலேயே தெரியும். இரண்டிலும் சமம் என்றால் மஞ்சள்.

ஈஸ்ட் காட்டிய ஆச்சரியம்

1995-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பிரவுன் குழு 45 தாவர மரபணுக்களை இப்படிச் சோதித்தது. 1997-ல் ஈஸ்ட்டின் சுமார் 6,400 மரபணுக்களையும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஈஸ்ட் முதலில் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் உண்டாக்கும். சர்க்கரை தீர்ந்தால் அந்த ஆல்கஹாலையே உணவாக்கிக்கொள்ளும். இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் சுமார் 710 மரபணுக்களின் இயக்கம் இரு மடங்குக்கு மேல் கூடியது. சுமார் 1,030 மரபணுக்களில் பாதிக்கும் கீழே இறங்கியது. அவற்றில் ஏறக்குறைய பாதிக்கு என்ன வேலை என்றே அப்போது தெரியாது.

மாணவர்களுக்கு என்ன லாபம்?

ஸ்கேனர் விலை சின்னக் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது. டேவிட்சன் கல்லூரிப் பேராசிரியர் மால்கம் கேம்பல் தொடங்கிய 'ஜிகேட்' கூட்டமைப்பு இதற்கு வழி கண்டது. குறைந்த விலையில் சிப் வந்தது. மாணவர்கள் சோதனை செய்து திருப்பி அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் செய்து தரவைத் தந்தார்கள். அலச 'மேஜிக் டூல்' என்ற இலவச மென்பொருளும் இருந்தது.

வழக்கமான லேப் வகுப்பில் விடை முன்பே தெரியும். இதில் ஆசிரியருக்கே தெரியாது. புள்ளி சிவப்பாக இருந்தாலே நம்பிவிடவும் முடியாது. தூசியாக இருக்கலாம், சாயத்தின் கோளாறாக இருக்கலாம். சாயங்களை மாற்றிப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். இந்தச் சந்தேகப்படும் பழக்கம்தான் உண்மையான பயிற்சி.

இப்போது என்ன நிலை?

பெரும்பாலான ஆய்வுகள் ஆர்என்ஏ சீக்வென்ஸிங்குக்கு மாறிவிட்டன. ஆனால் பழைய மைக்ரோஅரே தரவுகள் அமெரிக்காவின் என்சிபிஐ நடத்தும் 'ஜியோ' தரவுத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு லேப்டாப்பும் ஒரு நல்ல கேள்வியும் இருந்தால், நம்மூர் கல்லூரி மாணவரும் இன்றே அலசத் தொடங்கலாம்.